இந்தோனேசியாவில் வழிபாட்டுத் தலம் கட்ட 90/60 விதி: எந்த இடத்தில் சிக்குகிறது?

மலர்விழி_க

வணக்கம். இந்தோனேசியாவில் தேவாலயமோ கோயிலோ விகாரையோ கட்ட 90 பேர், 60 பேர் என்று ஒரு கணக்கு உண்டு எனப் படித்தேன். யார் அந்த 90? யார் அந்த 60? அனுமதி கையில் இருந்தும் போகோர் நகரத்து யாஸ்மின் தேவாலயம் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்தது ஏன்? அரசமைப்பின் 29-ஆம் பிரிவு வழிபாட்டுச் சுதந்திரத்துக்கு உறுதி தருகிறதே, பிறகு அக்கம்பக்கத்தார் சம்மதம் எதற்கு? எங்கள் வாசகர் வட்டத்தில் இதைப் பேசப்போகிறோம். விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கிச் சொல்லுங்கள்.

சுமத்ரா சேகர்

இது மத விவகார அமைச்சரும் உள்துறை அமைச்சரும் 2006-இல் சேர்ந்து போட்ட ஒழுங்குமுறை. நாடாளுமன்றச் சட்டம் அல்ல. இதன் 14-ஆம் பிரிவு, சாதாரணக் கட்டட அனுமதிக்கு மேல் நான்கு தாள்கள் கேட்கிறது.

முதல் தாள், அந்தத் தலத்தைப் பயன்படுத்தப்போகும் 90 பேரின் பெயரும் அடையாள அட்டையும். கேடிபி எனப்படும் அந்த அடையாள அட்டை 17 வயதுக்குத்தான் கிடைக்கும் (அதற்குள் கல்யாணம் ஆனவர்களுக்கும் உண்டு). ஆகவே குழந்தைகள் கணக்கில் வரமாட்டார்கள். சபையில் 130 பேர் இருந்தும் 90 தேறாமல் போவது இதனால்தான். வேலைக்காக இடம் மாறி வந்தவர்களின் அட்டையில் சொந்த ஊர் முகவரியே இருந்தால் அந்தப் பெயர்களும் அடிபடும். கிராம எல்லைக்குள் 90 பேர் கிடைக்காவிட்டால் வட்டம், மாவட்டம், மாகாணம் என்று எல்லையை விரித்துக்கொள்ள 13-ஆம் பிரிவு இடம் தருகிறது. பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

இரண்டாவது தாள், உள்ளூர்க்காரர்கள் 60 பேரின் ஆதரவு. இதை லூராவோ (நகர்ப்புற வட்டார நிர்வாகி) கிராமத் தலைவரோ உறுதிசெய்ய வேண்டும். வேற்று மதத்தவராக இருக்க வேண்டும் என்று விதியில் எழுதவில்லை, 'உள்ளூர் மக்கள்' என்றுதான் இருக்கிறது. ஆனாலும் நடைமுறையில் வேற்று மதத்தவரையே கேட்பார்கள். மூன்றாவது, மாவட்ட மத அலுவலகத்தின் பரிந்துரை. நான்காவது, எஃப்கேயூபி எனப்படும் மத நல்லிணக்க மன்றத்தின் எழுத்துப்பூர்வப் பரிந்துரை. நான்கும் சேர்ந்த பிறகு மாவட்டத் தலைவரிடமோ மேயரிடமோ விண்ணப்பித்தால், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அதிகம் சிக்குவது இரண்டாவதில்தான். கையெழுத்துத் தாளின் ஒவ்வொரு பக்கத்திலும் இன்ன மனையில் இன்ன தேவாலயம் கட்டச் சம்மதம் என்று தலைப்பு இருக்க வேண்டும். வெறும் பெயர்ப்பட்டியலாக வாங்கினால், 'நிவாரணப் பொருளுக்கு என்று நினைத்துப் போட்டேன்' என ஒருவர் சொன்னாலே மொத்தப் பட்டியலும் சந்தேகத்துக்கு உள்ளாகிவிடும். 60-ஓடு நிறுத்துவதும் ஆபத்து. மிரட்டலுக்குப் பயந்து நாலு பேர் பின்வாங்கினால் கணக்கு உடைந்துவிடும். எண்பது, தொண்ணூறு வாங்கி, ஒவ்வொன்றோடும் அட்டை நகலை இணைத்து வைப்பதே பாதுகாப்பு.

அச்சே மாகாணத்தில் இது இன்னும் கடினம். அங்கே 2016 மாகாணச் சட்டப்படி 140 பேரும் 110 பேரும் வேண்டும்.

நூருல் அமீன்

சேகர் அண்ணன் சொன்ன நான்கு தாள்களும் இருந்தால்கூடப் போதாது என்பதற்குத்தான் யாஸ்மின் சாட்சி. 2006 ஜூலையில் அனுமதி கிடைத்தது. எதிர்ப்பு கிளம்பியதும் 2008 பிப்ரவரியில் நகர நிர்வாகம் அதை முடக்கியது. சபையினர் நிர்வாக நீதிமன்றம் போய் வென்றார்கள், மேல்முறையீட்டிலும் வென்றார்கள். 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் நகரத்தின் மறுஆய்வு மனுவைத் தள்ளியது. அடுத்த மார்ச்சில் நடந்தது என்ன? முடக்கத்தை விலக்கிக்கொண்டு, அனுமதியையே ரத்துசெய்துவிட்டார் மேயர். அந்த ரத்தை விலக்கச் சொல்லி 2011 ஜூலையில் குறைதீர் ஆணையம் பரிந்துரைத்தது, அதுவும் நடக்கவில்லை. 2012 முதல் அந்தச் சபையும், இதே நிலையில் இருந்த பெக்காசி நகரின் பிலடெல்பியா சபையும் ஜகார்த்தாவில் அதிபர் மாளிகைக்கு எதிரே திறந்த வெளியில் ஜெபம் நடத்தின. கடைசியில் 2021-இல் நகரம் வேறு மனை கொடுத்து, 2023-இல் அங்கே தேவாலயம் திறந்தது. பழைய இடமே எங்கள் உரிமை என்று சபையில் ஒரு பகுதியினர் அதை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதே என் கருத்து. தீர்ப்பு அந்த மனைக்குத்தானே கிடைத்தது.

நீதிமன்றம் சொன்னதை மேயர் செய்யாவிட்டால் கட்டாயப்படுத்த வலுவான வழி இல்லை. மேயரோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஓட்டு கேட்டு வருபவர். 2022-இல் சிலெகோன் நகரில் தேவாலயம் வேண்டாம் என்று கட்டிய துணியில் மேயரே கையெழுத்துப் போட்டார். அங்கே எதிர்ப்பாளர்கள் காட்டிய ஆதாரம், சிலெகோன் அப்போது அடங்கியிருந்த செராங் மாவட்டத்தின் தலைவர் 1975-இல் போட்ட ஓர் ஆணை. அனுமதி தர வேண்டியவரே எதிர்த்தரப்பில் நிற்கும்போது 90 நாள் கெடுவுக்கு என்ன மதிப்பு?

இன்னொன்றும் வட்டத்தில் சொல்லுங்கள். இந்த விதி இடத்தைப் பார்த்துத் திரும்பும். கிறிஸ்தவர்கள் பெரும்பான்மையாக உள்ள குபாங்கில் மசூதி கட்டுவதற்கும் இதே எதிர்ப்பு வந்திருக்கிறது. பெரும்பான்மை கையில் ஒரு தடைச்சீட்டைக் கொடுத்தால், எந்த மதத்தார் ஆனாலும் அதைப் பயன்படுத்தத்தான் செய்வார்கள்.

மலர்விழி_க

நன்றி இருவருக்கும். 90 இருந்து 60 கிடைக்கவில்லை என்றால் அதோடு முடிந்ததா? அதுவரை எங்கே கூடி வழிபடுவது?

சுமத்ரா சேகர்

முடியவில்லை. 14-ஆம் பிரிவின் மூன்றாம் உட்பிரிவு இதற்கென்றே இருக்கிறது: 90 நிறைந்து 60 நிறையாவிட்டால், இடம் கிடைக்க ஏற்பாடு செய்வது உள்ளூர் அரசின் கடமை. விண்ணப்பக் கடிதத்திலேயே இந்த உட்பிரிவைக் குறிப்பிட்டுக் கேட்க வேண்டும். வாய்மொழியாகக் கேட்டால் 'இன்னும் ஆதரவு திரட்டுங்கள்' என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள், பதிவும் இருக்காது.

அதுவரைக்கும் 18, 19-ஆம் பிரிவுகளின்படி தற்காலிக அனுமதி வாங்கலாம். கடைவீடோ மண்டபமோ பயன்படுத்தத் தகுதியான கட்டடமாக இருக்க வேண்டும். உரிமையாளரின் எழுத்துச் சம்மதம், லூராவின் பரிந்துரை, மன்றத்துக்கும் மத அலுவலகத்துக்கும் எழுத்துத் தகவல், இவ்வளவும் தேவை. இரண்டு ஆண்டுக்குச் செல்லும். பல சபைகள் இந்தத் தாள் இல்லாமலே கடைவீட்டில் கூடுகின்றன. கூட்டம் திரண்டு வந்தால் போலீஸ், பாதுகாப்பு தருவதற்குப் பதில் 'அனுமதி இல்லை' என்று வழிபாட்டை நிறுத்துகிறது.

பழைய தலங்களுக்கு 28-ஆம் பிரிவு. 2006-க்கு முன்பே நிரந்தரமாகப் பயன்பட்டதோ வரலாற்று மதிப்புள்ளதோ ஆனால், அனுமதித் தாள் கிடைக்க மாவட்ட நிர்வாகமே உதவ வேண்டும். மேடான் நகரில் தமிழர்கள் 1884-இல் கட்டிய ஸ்ரீ மாரியம்மன் கோயில் போன்ற பழமையான தலங்களுக்கு இது முக்கியமான பிடிமானம். ஒரு சின்ன மாற்றம்: 2021 முதல் கட்டட அனுமதிக்கு ஐஎம்பி என்பது போய் பிபிஜி என்று பெயர்.

தேவகி ரா.

இவ்வளவும் ஆறு மதங்களுக்கு மட்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: இஸ்லாம், புராட்டஸ்டண்ட், கத்தோலிக்கம், இந்து, பௌத்தம், கன்பூசியம். மாவட்ட மத நல்லிணக்க மன்றத்தில் அதிகபட்சம் 17 பேர். அங்கே உள்ள ஒவ்வொரு மதத்துக்கும் குறைந்தது ஒரு இடம், மீதி மக்கள்தொகை விகிதப்படி. சுண்டா விவிதான் போன்ற மண்ணின் நம்பிக்கைகளைப் பின்பற்றுவோர் இந்தப் பட்டியலில் இல்லை. அடையாள அட்டையில் மதம் என்ற கட்டத்தை வெறுமையாக விட்டுத்தான் பலருக்குக் கொடுத்தார்கள். 2017 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் தலையிட்டு, அந்தக் கட்டத்தில் நம்பிக்கையாளர் என்று பதியலாம் என்றது. அது அட்டைக்குத்தான் உதவியது, கட்டட அனுமதிக்கு உதவவில்லை. 2020 ஜூலையில் குனிங்கானில் அந்தச் சமூகம் தன் மூத்தவர்களுக்காகக் கட்டிக்கொண்டிருந்த கல்லறையைக்கூட, கட்டட அனுமதி இல்லை என்று மாவட்ட நிர்வாகம் சீல் வைத்தது.

நூருல் அமீன்

சரியான இடத்தைத் தொட்டீர்கள் அக்கா. விதியையே தூக்கி எறிய வேண்டும் என்று சிலர் சொல்வதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. இதற்கு முன்பிருந்த 1969 கூட்டாணையில் எண்ணிக்கையே கிடையாது, அதிகாரி நினைத்ததுதான் வரம்பு. வழிபட ஆள் இருக்கிறார்களா என்று 90 பேரைக் கேட்பதில் ஒரு நியாயம் உண்டு. அந்த 60-ஐ எடுத்துவிட்டு, அண்டைவீட்டார் ஆட்சேபம் சத்தம், வாகன நிறுத்தம், வடிகால் என்று கட்டடம் தொடர்பானதாக இருந்தால் மட்டும் கேட்பது என்று வைக்க வேண்டும். 90 நாள் தாண்டினால் அனுமதி தந்ததாகவே கொள்ளப்படும் என்று ஒரு வரியும் சேர்க்க வேண்டும்.