சோதனையைச் சந்தேகித்தால் நிறவெறியரா? – ஒரு வாசகர் வட்டத்தில் நடந்தது

வைகைக்கரையான்:
மதுரை கே.கே.நகரில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் எங்கள் வாசகர் வட்டம் கூடும். வருபவர்கள் எல்லோரும் முற்போக்காளர்கள்தான். தோழர் என்றே அழைத்துக்கொள்வோம். போன கூட்டத்தின் பொருள், நம்மையறியாமலே மனதில் ஊறிக்கிடக்கும் நிறபேதம். அமெரிக்காவில் படிக்கும் உறுப்பினர் மகள் ஒருவர் பேசினார். அமெரிக்க உளவியலாளர் ஆன்டனி கிரீன்வால்டும் மற்றவர்களும் 1998இல் வெளியிட்ட, மனதில் மறைந்திருக்கும் சார்பை அளப்பதாகச் சொல்லும் சோதனையை மடிக்கணினியில் எல்லோரையும் செய்துபார்க்கச் சொன்னார். திரையில் வெள்ளை முகமும் கறுப்பு முகமும் மாறிமாறி வரும். நடுவே நல்ல சொல், கெட்ட சொல். ஒரு சுற்றில் வெள்ளை முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும் ஒரே விசை, அடுத்த சுற்றில் கறுப்பு முகத்துக்கும் நல்ல சொல்லுக்கும். எந்தச் சுற்றில் விரல் தயங்குகிறது என்பதை மில்லிவினாடியில் அளந்து முடிவு சொல்லிவிடும். சோதனையை வளர்த்தவர்களில் ஒருவரான மஜரின் பனாஜி செகந்திராபாத்தில் பிறந்தவர் என்றதும் கூட்டத்துக்கு ஒரே பெருமை.

ஓய்வு பெற்ற புள்ளியியல் பேராசிரியர் ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. தேநீருக்கு முன் ஒருமுறை, பின் ஒருமுறை செய்தார். முதலில் மிதமான சார்பு என்றது; பிறகு சார்பே இல்லை என்றது. "அண்ணா நகர் உழவர் சந்தையில் இப்படி ஒரு தராசு இருந்தால் கத்தரிக்காய் வாங்குவீர்களா?" என்று கேட்டார். தனி மனிதர்களை முத்திரை குத்த இது உதவாது என்று சோதனையை உருவாக்கியவர்களே எழுதியிருப்பதையும், 492 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019ஆம் ஆண்டுக் கட்டுரை, மதிப்பெண் மாறினாலும் நடத்தை மாறியதற்குச் சான்று காணவில்லை என்பதையும் சொன்னார்.

அவ்வளவுதான். ஓர் இளம் தோழர் எழுந்து, "இந்தச் சந்தேகமே உங்கள் சார்புக்கு அத்தாட்சி, ஐயா" என்றார். ஒப்புக்கொண்டாலும் குற்றவாளி, மறுத்தாலும் குற்றவாளி! 2008 மே மாதம் உத்தபுரத்தில் தலித் மக்களைப் பிரித்துவைத்த தீண்டாமைச் சுவரின் ஒரு பகுதி இடிபட்ட நாளில் அங்கே போய் நின்ற மனிதர் அந்தப் பேராசிரியர். மறுநாள் காலையில் வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயர் இல்லை. யார் நீக்கியது என்று கேட்டேன். பதிலுக்கு ஒரு பூங்கொத்துப் படமும் காலை வணக்கமும் வந்தன.

நாகமலை வாசகி:
உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் மறுபக்கமும் இருக்கிறது. ஆப்பிரிக்காவிலிருந்து படிக்க வந்த மாணவர் ஒருவருக்கு வீடு பார்க்க நாகமலை புதுக்கோட்டையில் கூடவே அலைந்தேன். 'வீடு வாடகைக்கு' அட்டை கேட்டில் தொங்குகிறது. அவர் முகத்தைப் பார்த்ததும் "நேற்றே பேசி முடித்துவிட்டோம் அம்மா" என்கிறார்கள். அப்படிச் சொன்னவர்களில் ஒருவர் மேடை மேடையாகச் சமத்துவம் பேசுபவர். அவரை எழுப்பிக் கேட்டாலும் தனக்கு நிறபேதம் கிடையாது என்றுதான் சத்தியம் செய்வார், மனதார. தராசு கோணலாக இருக்கலாம், கத்தரிக்காய் சொத்தைதானே?

திருமங்கலத்தான்:
எங்கள் நிறுவனத்திலும் இதற்கு அரை நாள் வகுப்பு நடந்தது. கேள்வி கேட்டவரைப் பயிற்சியாளர் முறைத்தார், எல்லோருக்கும் சான்றிதழ் கொடுத்தார். 2018 மே 29 அன்று ஸ்டார்பக்ஸ் அமெரிக்காவில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட தன் காபிக் கடைகளை ஒரு பிற்பகல் மூடி இதே போன்ற வகுப்பு நடத்தியது. நிர்வாகத்துக்குச் செலவு ஒரு பிற்பகல், பெயர் பல வருடத்துக்கு.

வைகைக்கரையான்:
நாகமலை வாசகி, சொத்தை என்பதில் பேராசிரியருக்கும் எனக்கும் சந்தேகமே இல்லை. அந்த வீட்டுக்காரரைப் பிடிக்க மில்லிவினாடிக் கணக்கு எதற்கு? தொங்கும் அட்டையே சாட்சி. அவரைக் கேள்வி கேட்க நம்மில் யாருக்கும் துணிவில்லை. தராசைப் பற்றிக் கேட்டவரை மட்டும் வெளியேற்றத் துணிவு வந்துவிடுகிறது. எனக்கு உறுத்துவது இதுதான்.

அடுத்த கூட்டத்தின் பொருள் 'சிந்தனைச் சுதந்திரம்' என்று அறிவித்திருக்கிறார்கள். பேராசிரியருக்கு அழைப்பு இல்லை. நான் போகிறேன், முதல் கேள்வி என்னுடையது.