புதுப்பிப்பு: உரத்தொட்டியில் நாற்றம் வந்தால்

காய்கறிக் கழிவை உரமாக்கும் முறையை முன்பு எழுதியிருந்தேன். பலரும் கேட்டது நாற்றத்தைப் பற்றித்தான், அதனால் இந்தச் சேர்க்கை.

அழுகிய முட்டை வாடை என்றால் உள்ளே காற்றில்லை, ஈரம் மிகுதி. அம்மோனியா நெடி என்றால் நைட்ரஜன் கூடிவிட்டது, அதாவது காய்ந்ததைவிட ஈரக்கழிவு மிகுதி. இரண்டுக்கும் மருந்து காய்ந்த இலை, கிழித்த அட்டைதான்: கொள்ளளவில் 1 பங்கு ஈரக்கழிவுக்கு 2 முதல் 3 பங்கு. போட்டதும் அடிவரை கிளறுங்கள். மேலே தூவினால் மட்டும் போதாது.

கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். ஓரிரு சொட்டு வந்தால் சரி, ஒழுகினால் இன்னும் காய்ந்தது வேண்டும்.

களை விதையும் நோய்க்கிருமியும் சாக 55 டிகிரி செல்சியஸ் சூடு வேண்டும்; சிறிய தொட்டி பெரும்பாலும் அதை எட்டாது. ஆகவே விதை பிடித்த களையையும் நோயுற்ற செடியையும் தயவுசெய்து போடாதீர்கள். வெந்த சோறு, எண்ணெய்ப் பண்டமும் வேண்டாம், எலி வரும்.