அமெரிக்கப் பாடகி பில்லி ஐலிஷ் உங்களுக்கு எப்படி அறிமுகமானார்?

நான் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறேன். சன்னமான குரல் உள்ள பெண்பிள்ளைகளிடம் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வாயைத் திறந்து பாடு. அதைக் கேட்டுக் கேட்டே பாட்டை விட்டுவிடும் நிலையில் இருந்த ஒரு மாணவிதான் ‘ஓஷன் ஐஸ்’ பாடலைப் போட்டுக் காட்டினாள். “இவங்களும் மெதுவாத்தானே பாடறாங்க மிஸ்?” என்று கேட்டாள்.

பில்லியின் அண்ணன் ஃபினியஸ் தன் இசைக்குழுவுக்காக எழுதி வைத்திருந்த பாட்டு அது. நடன ஆசிரியருக்காகத் தங்கை பாட, 2015-இல் சவுண்ட்கிளவுட் என்ற இசைத் தளத்தில் ஏற்றினார்கள். அப்போது பில்லிக்கு 13 வயது. எங்கும் கத்தவே இல்லை. ஆனால் நாமே பாடிப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெதுவாகச் சுருதி விலகாமல் பாட மூச்சு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்று. அந்தப் பெண்ணுக்கு அதையே பயிற்சியாக்கினேன்: மைக்கை ஒட்டி நின்று, மூச்சை அளந்து விட்டு. இப்போது மேடையில் பாடுகிறாள். குரல் பெரிதாகவில்லை, ஆக வேண்டிய அவசியமும் இல்லை.

*

எங்கள் வீட்டுக்கு பில்லியின் பாட்டைவிடப் பேச்சுதான் உதவியது. என் தம்பிக்கு டூரெட், தன்னையறியாமல் உடல் அசையும் நரம்புக் கோளாறு. கண் சிமிட்டும், கழுத்து வெட்டி இழுக்கும். வேண்டுமென்றே செய்கிறான் என்று வகுப்பில் சிரிப்பார்கள். பில்லி தனக்கும் அது இருப்பதை 2018-இல் வெளியே சொன்னார். 2022-இல் தொலைக்காட்சித் தொகுப்பாளர் டேவிட் லெட்டர்மேன் எடுத்த பேட்டியின் நடுவிலேயே அந்த அசைவு வந்தது. வேடிக்கைக்குச் செய்வதாக நினைத்துப் பலர் சிரிப்பது தன்னைப் புண்படுத்துகிறது என்று மறைக்காமல் சொன்னார். தம்பி அந்தப் பகுதியை வகுப்புத் தோழர்களுக்கு அனுப்பினான். அதன்பிறகு அவன் யாருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியிருக்கவில்லை.

*

மைக் பற்றி மேலே எழுதியவருக்கு. 2019-இல் வந்த பில்லியின் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதி லாஸ் ஏஞ்சல்ஸில் பெற்றோர் வீட்டில், அண்ணனின் படுக்கையறையில் பதிவானது. அதிலுள்ள ‘பேட் கை’ பாட்டில் ஆஸ்திரேலிய சிக்னலில் பாதசாரிகளுக்காக ஒலிக்கும் சத்தம்கூட இருக்கிறது, பில்லி போனில் பிடித்தது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு நான் ஸ்டூடியோ வாடகைக்குக் காசு சேர்ப்பதை நிறுத்திவிட்டு, கதவில் கனத்த போர்வையைத் தொங்கவிட்டு, என் அறையிலேயே பாட ஆரம்பித்தேன். 2020 கிராமி இசை விருது விழாவில் நான்கு முக்கிய விருதுகளும் 18 வயதுப் பெண்ணிடம் போயின. அன்று மேடையில் ஃபினியஸ், படுக்கையறையில் இசை செய்யும் பிள்ளைகளுக்கெல்லாம் அந்த விருது என்றார். எனக்கு அது நேராக வந்து சேர்ந்தது.

சரி, இங்கே வேறு யாராவது வீட்டில் குரல் பதிவு செய்கிறீர்களா? மின்விசிறிச் சத்தத்தை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?