மேல் இமைத் தோல் தொங்கினால் வெட்டினால் போதுமா, புருவத்தையும் தூக்க வேண்டுமா?

இளவேனில்: ஐம்பதைத் தாண்டி, தோல் மடிந்து இமைமுடி மேல் விழுகிறவர்களுக்கு அதை வெட்டித் தைத்தாலே போதும். மரப்பு ஊசியோடு ஒரு மணி நேர வேலை. 6-0 என்னும் மெல்லிய நூலில் போட்ட தையலை ஒரு வாரத்துக்குள் பிரித்துவிடலாம், தழும்பு இமை மடிப்புக்குள் மறைந்துவிடும். புருவத்தில் கை வைத்தால் நெற்றி மரத்துப்போகலாம், தழும்பும் வெளியே தெரியலாம். எதற்கு அது?

நெய்தல்: பல பேருக்குப் போதாது சார். தோல் பார்வையை மறைப்பதால் நெற்றித்தசை தானாகவே புருவத்தை இழுத்துப் பிடித்திருக்கும். தோலை எடுத்ததும் அந்தப் பிடி விட்டுப்போய்ப் புருவம் இறங்கும். செலவு செய்தும் பழைய முகம்தான். கண்ணை மூடச் சொல்லுங்கள். நெற்றி தளர்ந்ததும் புருவத்தை அங்கேயே விரலால் நிறுத்திவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொல்லுங்கள். கண்குழியின் மேல் எலும்பு விளிம்புக்குக் கீழே புருவம் கிடந்தால் குறை அங்கேதான்.

இளவேனில்: அப்படியானால் தோலை இன்னும் 3 மி.மீ. சேர்த்து எடுத்தால் சரியாகிவிடுமே?

நெய்தல்: கண் கெடுவதே அதனால்தான்! புருவத்துக்கும் இமைமுடிக்கும் நடுவே குறைந்தது 20 மி.மீ. தோல் மிஞ்ச வேண்டும். வெட்டுவதற்காகப் போடும் கீழ்க்கோடு இமைமுடியிலிருந்து 8 முதல் 10 மி.மீ. தள்ளி, மேல்கோட்டுக்கும் புருவத்துக்கும் நடுவே 10 மி.மீ.க்குக் குறையவே கூடாது. மீறினால் தூக்கத்தில் கண் மூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகும். ஏற்கெனவே கண் உலர்கிறவருக்கு இன்னும் மோசம். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து தோல் எடுத்து ஒட்ட வேண்டிவரும். கோடு போடுவதும் உட்காரவைத்து, ஊசிக்கு முன்னால்தான். மருந்து ஏறினால் தோல் உப்பி அளவு தப்பிவிடும்.

தாழை: தொங்குவது தோலா, இமையேவா என்று யாரும் கேட்கவில்லையே? டார்ச் அடித்தால் கண்மணியில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து மேல் இமை விளிம்பு வரை 4 முதல் 5 மி.மீ. இருக்க வேண்டும். 2 மி.மீ.தான் என்றால் இமையைத் தூக்கும் தசை தளர்ந்திருக்கிறது. தோலை எவ்வளவு எடுத்தாலும் கண் விரியாது.

இளவேனில்: 20 மி.மீ. கணக்கை ஏற்கிறேன். ஆனால் புருவம் எலும்புக்கு மேலே நன்றாக நிற்பவரிடமும் இரண்டையும் சேர்த்து விற்கிறார்களே, அதை ஒப்பமாட்டேன்.

நெய்தல்: அது தப்புதான். ஆனால் 'ஒரு மணி நேர வேலை' என்று மட்டும் சொல்லாதீர்கள். அரிதென்றாலும், முதல் 24 மணி நேரத்தில் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டலாம். வலி ஏறி, கண் பிதுங்கி, பார்வை மங்கினால் அந்த நிமிடமே தையலைப் பிரித்து அழுத்தத்தை இறக்க வேண்டும். மறுநாள் பார்க்கலாம் என்றால் பார்வை போய்விடும். இரவில் எந்த எண்ணை அழைப்பது என்று எழுதிக் கொடுக்காத இடத்தில் இதைச் செய்துகொள்ளவே கூடாது.