பழைய கல்லறைத் தோட்டத்தில் வானம் தோண்டும் முன்

அன்புள்ள ஊர்ச் சங்க உறவுகளுக்கு,

நம் ஆலயத்தின் பழைய கல்லறைத் தோட்டத்தில் சமுதாயக் கூடம் கட்டச் சபைக் கமிட்டி தீர்மானித்திருப்பதை அறிவீர்கள். கூடம் வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை; நன்கொடைப் பட்டியலில் என் பெயரும் இருக்கிறது. அடித்தளத்துக்காக வானம் தோண்டும் நாட்களில் தொல்லியல் படித்த ஒருவர் ஜேசிபி அருகிலேயே நிற்க வேண்டும், அதை ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும், அவருடைய ஊதியத்தை நம் சங்கம் ஏற்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

அங்கே இப்போது கல்லறையே இல்லையே என்கிறார்கள் சிலர். தரைக்கு மேல் கட்டியிருந்தவற்றை இடித்துச் சமப்படுத்தினார்களே தவிர, குழிகளை யாரும் தொடவில்லை. பெயர்க்கல் வைக்க வசதியற்ற வீட்டாருக்கு அன்றும் வெறும் மண்மேடுதான். புலியூர்க்குறிச்சி உதயகிரிக் கோட்டையில் 1777இல் அடக்கம் செய்யப்பட்ட திருவிதாங்கூர்ப் படைத்தளபதி டிலனாயின் பெயர், கல்லில் பொறித்திருப்பதால் இன்றும் வாசிக்கக் கிடைக்கிறது. நம் முன்னோரில் பெரும்பாலோருக்கு அந்தக் குழி ஒன்றே சாட்சி.

நான் வசிக்கும் இங்கிலாந்தில், 1857ஆம் ஆண்டின் அடக்கச் சட்டப்படி, புதைத்த உடலை எடுக்க அரசின் உரிமமோ திருச்சபையின் அனுமதியோ வேண்டும். லண்டன் யூஸ்டனில் ரயில் நிலையப் பணிக்காகப் பழைய இடுகாட்டைத் தோண்டியபோது, 1814இல் இறந்த கடலோடி மேத்யூ பிளிண்டர்ஸின் சவப்பெட்டியை, அதன்மேல் இருந்த ஈயத் தகட்டை வைத்து 2019இல் அடையாளம் கண்டார்கள். 2024இல் அவர் பிறந்த டோனிங்டனில் மறுபடியும் அடக்கம் செய்தார்கள். அந்த அகழ்வால் ரயில் பணி கைவிடப்படவில்லை.

செய்முறை எளிது. முதலில் கையால் இரண்டு மூன்று சோதனைக் குழிகள் எடுத்துப் பார்ப்பார்கள். பிறகு ஜேசிபியில் பல் வைத்த பக்கெட்டைக் கழற்றி, பல்லில்லாத பக்கெட்டை மாட்டி, மண்ணை மெல்லிய அடுக்காகச் சீவச் சொல்வார்கள். ஒருமுறை வெட்டி மூடிய மண் பழைய இறுக்கத்துக்குத் திரும்புவதில்லை. செம்மண் தரையில் அது கலங்கிய நிறத்தில் நீள்சதுரமாக, பெரும்பாலும் கிழக்கு மேற்காகத் தெரியும். அந்த இடத்தில் எந்திரம் நிற்கும், கரண்டியும் தூரிகையும் இறங்கும். நம் ஊர்ச் செம்மண்ணின் அமிலத்தன்மை எலும்பை அரித்துவிடுவதால், பெட்டியின் ஆணிகள் மட்டுமே மிஞ்சியிருக்கலாம். கடற்கரையில் சிப்பித்தூள் கலந்த மணலில் எலும்பு பல காலம் கிடக்கும். ஆகவே எலும்பு தட்டுப்படவில்லை என்பதால் மட்டும் அங்கே கல்லறை இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. அளந்து, படமெடுத்து, வரைபடத்தில் குறித்தபின், தூணைச் சற்று நகர்த்த முடிந்தால் அந்தக் குழியை அப்படியே மூடி விட்டுவிடுவதுதான் உத்தமம்.

தொல்லியல் ஆள் வந்தால் நிலம் கைவிட்டுப் போய்விடும் என்ற அச்சம் ஊரில் இருக்கிறது. நூறு மீட்டருக்குள் கட்டக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தின் தடை, அரசு பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த சின்னங்களைச் சுற்றி மட்டுமே பொருந்தும். நம் தோட்டம் அப்படிப்பட்டதல்ல. ஆனால் மண்ணுக்குள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையல் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற 1878ஆம் ஆண்டுச் சட்டம் எவருக்கும் பொருந்தும் என்பதைக் கமிட்டியினர் நினைவில் கொள்வது நல்லது.

இடிப்பதற்கு முந்தைய தோட்டத்தின் புகைப்படமோ, அடக்கப் பதிவேட்டின் நகலோ உங்கள் வீடுகளில் இருந்தால் அனுப்பி உதவுங்கள். லண்டன் மிஷன் என்ற மிஷனரிச் சங்கத்தின் ஆவணங்கள் இங்கே லண்டன் பல்கலைக்கழகத்தின் சோவாஸ் (SOAS) நூலகத்தில் இருப்பதால், அவற்றில் நம் சபையைப் பற்றிய குறிப்புகளைத் தேடும் வேலையை நான் ஏற்கிறேன்.