ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா: தமிழில் என்ன சொல்வது?

குழுவினருக்கு வணக்கம்.

தண்டுவடக் காயம் தொடர்பான சொற்பட்டியல் ஒரு சொல்லில் வந்து சிக்கி நிற்கிறது: ஆட்டோனோமிக் டிஸ்ரிஃப்ளெக்சியா. தண்டுவடத்தின் மேற்பகுதியில் அடிபட்டவருக்கு, காயத்துக்குக் கீழே ஏதாவது உறுத்தினால் ரத்த அழுத்தம் திடீரென ஏறும் நிலை இது. வார்டில் 'ஏ.டி.' என்கிறார்கள், வேலை நடந்துவிடுகிறது. ஆனால் நமக்கு இந்தச் சொல் இரண்டு இடத்துக்கு வேண்டும். ஒன்று பட்டியல். இன்னொன்று, கழுத்திலோ மேல்முதுகிலோ அடிபட்டவர்கள் பர்சில் வைத்துக்கொள்ளும் அவசர அட்டை.

இதுவரை வந்தவை மூன்று: 'தன்னியக்க மிகையனிச்சை', 'தானியங்கு அனிச்சைக் குலைவு', 'தண்டுவட உயர் ரத்த அழுத்தம்'. மூன்றாவது படித்தவுடன் புரிகிறது. மறுப்பு இல்லையென்றால் அதையே ஏற்றிவிடலாம் என்றிருக்கிறேன்.

தொகுப்பாளர்

———

> மூன்றாவது படித்தவுடன் புரிகிறது

புரிகிறது என்பதுதான் சிக்கல், ஐயா. தப்பாகப் புரியும்.

'உயர் ரத்த அழுத்தம்' என்று அட்டையில் பார்த்தால் இரவுப் பணியில் இருப்பவர் இரண்டு காரியம் செய்வார். முதலில் நோயாளியைப் படுக்க வைப்பார். பிறகு பிரஷர் மாத்திரை தருவார், பெரும்பாலும் அம்லோடிபின். இந்த நிலையில் இரண்டுமே தவறு. படுக்க வைத்தால் அழுத்தம் இன்னும் ஏறும்; நிமிர்த்தி உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டால்தான் ரத்தம் கீழே இறங்கி அழுத்தம் கொஞ்சமாவது தணியும். அம்லோடிபின் மெல்ல வேலை செய்து நெடுநேரம் நிற்கும் மருந்து. அது பிடிப்பதற்குள், இதற்குக் காரணமான அடைபட்ட கதீட்டரை (சிறுநீர் வடியும் குழாய்) யாராவது சரிசெய்திருப்பார்கள், அழுத்தம் தானாகவே இறங்கியிருக்கும். அதன்பிறகு மருந்து வேறு சேர்ந்து இழுத்தால் ஆள் மயங்கி விழுவார்.

அதைவிடப் பெரிய காரணம் எண். மேல்மட்டக் காயம் உள்ளவருக்கு வழக்கமாகவே மேல் அழுத்தம் 90 முதல் 110 வரைதான் இருக்கும். அதிலிருந்து 20 முதல் 40 ஏறினாலே ஏ.டி. என்று எடுத்துக்கொள்ள வேண்டும். 95-இல் இருப்பவருக்கு 130 வந்தால், கருவியைப் பார்ப்பவர் 'நார்மல்தானே' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நோயாளிக்கோ மண்டை பிளக்கிறது. சிறுவர்களுக்கு 15 ஏறினாலே போதும். இங்கே ஆபத்து உயரத்தில் இல்லை, ஏற்றத்தில் இருக்கிறது. பெயரில் 'உயர்' வந்தால் பாதிப் பேரைத் தவறவிடுவோம்.

கவனிக்காமல் விட்டால் மூளையில் ரத்தக்கசிவு, வலிப்பு, நுரையீரலில் நீர்கோப்பது, இதயத்துடிப்பு தாறுமாறாவது எல்லாம் வரலாம். உயிரே போகலாம். ஆகவே பெயரில் கஞ்சத்தனம் வேண்டாம்.

மறுவாழ்வு மருத்துவர்

———

டாக்டர் சொன்னதோடு ஒத்துப்போகிறேன். மற்ற இரண்டு சொற்களையும் உடலியங்கியல் பக்கமிருந்து பார்ப்போம்.

நடப்பது இது. தண்டுவடத்தின் ஆறாம் மார்புக் கூற்றிலோ அதற்கு மேலோ காயம். சிறுநீர்ப்பை நிரம்பி விம்முகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் செய்தி தண்டுவடத்துக்குள் நுழைந்து மேலேறப் பார்க்கிறது. காயத்தில் முட்டி நிற்கிறது. ஆனால் போகும் வழியில் ரத்தக்குழாய்களைச் சுருக்கும் பரிவு நரம்புகளைக் கிளப்பிவிட்டுவிடுகிறது. குடல், கல்லீரல் பகுதி ரத்தக்குழாய்கள் ஒரே நேரத்தில் சுருங்குகின்றன. அவற்றை ஆளும் நரம்பு ஐந்தாம் மார்புக் கூற்றிலிருந்து ஒன்பதாவது வரை கிளம்புகிறது. ஆறாம் கூறு எல்லையாக இருப்பதற்கு இதுதான் காரணம். உடலின் ரத்தத்தில் கணிசமான பங்கு தேங்கும் இடம் அது. அங்கே பிழிந்தால் அழுத்தம் எகிறாமல் என்ன செய்யும்?

கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள உணரிகள் இதைக் கண்டுகொள்கின்றன. மூளை இரண்டு கட்டளை அனுப்புகிறது. ஒன்று வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு: 'மெதுவாக அடி'. அது போய்ச்சேர்கிறது, ஏனென்றால் வேகஸ் தண்டுவடத்தின் வழியே போவதில்லை. மற்றொன்று கீழே உள்ள குழாய்களுக்கு: 'தளர்ந்து விடு'. அது காயத்தைத் தாண்டுவதில்லை. அதனால்தான் மேலே முகம் சிவந்து வியர்த்துக் கொட்டுகிறது, மூக்கு அடைக்கிறது. கீழே தோல் வெளுத்து, சில்லிட்டு, மயிர் குத்திட்டு நிற்கிறது. நாடியும் பலருக்குக் குறைந்தே இருக்கும்.

இப்போது சொல்லுக்கு வருவோம். 'குலைவு' சரியில்லை, ஏனென்றால் அனிச்சை குலையவில்லை. அது தன் வேலையைக் கச்சிதமாகச் செய்கிறது. 'மிகை' பரவாயில்லை. ஆங்கிலத்திலும் 'ஹைப்பர்' என்று தொடங்கும் பெயர் முன்பு புழங்கியது. ஆனால் அது அளவைத்தான் சொல்கிறது, காரணத்தைச் சொல்வதில்லை. இல்லாமல் போனது மேலிருந்து அடக்கும் கட்டளை. ஆகவே என் முன்மொழிவு 'அடங்கா அனிச்சை'.

பழைய கட்டுரைகளைப் பார்த்தால் ஒன்று தெரியும். 1917-இல் ஹென்றி ஹெட், ஜார்ஜ் ரிடாக் என்ற நரம்பியல் மருத்துவர்கள் இதைப் பற்றி எழுதியபோது கட்டுரைத் தலைப்பில் இருந்தது மிகுவியர்வை. கண்ணுக்குத் தெரிந்தது அதுதான். 1947-இல் லுட்விக் குட்மனும் விட்டரிட்ஜும் சிறுநீர்ப்பையை நிரப்பி ரத்த அழுத்தத்தையே அளந்தார்கள். அவரவர் எதைப் பார்த்தார்களோ அதை எழுதினார்கள். நமக்குக் காரணம் தெரிந்திருக்கிறது. காரணத்துக்கே பெயர் வைக்கலாமே.

உடலியங்கியல் ஆசிரியர்

———

வணக்கம். இலங்கையிலிருந்து ஒரு குறிப்பு.

எங்கள் பாடநூல்களில் தண்டுவடம் 'முண்ணாண்', ரத்த அழுத்தம் 'குருதி அமுக்கம்', அனிச்சைச் செயல் 'தெறிவினை'. தானியங்கு நரம்பு மண்டலத்தை 'தன்னாட்சி நரம்புத் தொகுதி' என்கிறோம். எங்கள் மாணவருக்கு 'அனிச்சை' என்றவுடன் முகர்ந்தால் வாடும் அனிச்சம் பூதான் நினைவுக்கு வரும். 'அன் இச்சை' என்று பிரித்துச் சொன்னால்தான் விளங்கும். 'தெறிவினை' பட்ட இடத்திலிருந்து தெறித்துத் திரும்புவதைச் சொல்கிறது, வினைச்சொல்லாகவும் வளையும். ஆனால் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் 'அனிச்சைச் செயல்' ஊறிப்போய்விட்டது, அதை மாற்றச் சொல்லவில்லை.

'அடங்கா' இரண்டு பக்கமும் பொருந்தும்: அங்கே 'அடங்கா அனிச்சை', இங்கே 'அடங்காத் தெறிவினை'. முன்னொட்டு ஒன்றாக இருந்தால் தேடுகிறவருக்கு இரண்டும் கிடைக்கும். 'தன்னாட்சி' என்பதை மட்டும் இதில் சேர்க்க வேண்டாம். 'தன்னாட்சி அடங்கா' என்று அடுத்தடுத்து வந்தால் அரசியல் கட்டுரை மாதிரி இருக்கிறது.

மொழிபெயர்ப்பாளர்

———

பட்டியலுக்கு எது வைத்தாலும் சரி. அட்டைக்கு நான் சொல்வதைக் கேளுங்கள்.

1. 'வலி' என்ற சொல் எங்கும் வரக்கூடாது. அட்டையின் வரைவில் 'வலித்தூண்டல்' என்றிருக்கிறது. காயத்துக்குக் கீழே அவருக்கு வலியே தெரியாது. 'எங்கே வலிக்கிறது?' என்று கேட்பார்கள், 'எங்கேயும் இல்லை, தலைதான்' என்பார், தலைவலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள். 'உறுத்தல்' என்று போடுங்கள். உணராவிட்டாலும் உறுத்திக்கொண்டிருக்கலாம் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

2. உறுத்தல்களை வரிசைப்படி எழுதுங்கள். பெரும்பாலும் சிறுநீர்ப்பைதான். அடுத்தது மலம் இறுகியிருப்பது. அப்புறம்தான் படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த கால்நகம், இறுக்கமான பெல்ட், ஷூ, சுருண்டுபோன சாக்ஸ், சிறுநீர்ப்பைக் கல், எலும்பு முறிவு. கர்ப்பிணிக்குப் பிரசவ வலியே உறுத்தல்தான். அகர வரிசையில் போட்டால் 'எலும்பு முறிவு' சிறுநீர்ப்பைக்கு முன்னால் வந்து நிற்கும், எக்ஸ்ரேக்குத் தள்ளிக்கொண்டு போய்விடுவார்கள்.

3. செய்முறை. உட்கார வைத்துக் காலைத் தொங்கவிடுங்கள். இடுப்பிலும் வயிற்றிலும் காலிலும் இறுக்குவதையெல்லாம் தளர்த்துங்கள். 2 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பிரஷர் பாருங்கள். கதீட்டர் இருந்தால் உடம்பிலிருந்து யூரோபேக் (சிறுநீர் சேரும் பை) வரை குழாயைக் கையால் தடவிக்கொண்டே வாருங்கள். தொடைக்கடியில் மடங்கிக் கிடக்கும், அல்லது பை நிறைந்து எதிர்த்து நிற்கும். அதுவும் இல்லையென்றால் உள்ளே அடைப்பு: 10 முதல் 15 மில்லி சலைன், அதுவும் உடல் சூட்டில், மெதுவாக. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சலைனை ஏற்றினால் அதுவே புது உறுத்தல். அப்போதும் வடியவில்லையென்றால் கதீட்டரை மாற்ற வேண்டும். கதீட்டரே இல்லாதவருக்குப் புதிதாகப் போட வேண்டும். எதுவானாலும் மரத்துப்போகச் செய்யும் 2% லிக்னோகெய்ன் ஜெல்லி விட்டுக் குறைந்தது 2 நிமிடம் காத்திருந்த பிறகுதான். அவசரத்தில் ஜெல்லி இல்லாமல் செருகுவதுதான் அதிகம் நடக்கும் தப்பு. வயிற்றை அமுக்கிச் சிறுநீர் வரவைக்கப் பார்ப்பது அடுத்தது.

4. 'வடிகுழாய்' அழகான சொல்தான். அட்டையில் 'கதீட்டர்' என்றே போடுங்கள்.

வார்டு செவிலியர்

———

சிஸ்டர் சொன்ன மூன்றாவதில் மருந்தையும் சேர்க்க வேண்டும். மேல் அழுத்தம் 150-ஐத் தாண்டி நின்றால், மலத்தைச் சோதிப்பதற்கு முன்பே சீக்கிரம் பிடித்துச் சீக்கிரம் விடும் மருந்து தர வேண்டும். குதத்தில் விரல் விடுவதே அழுத்தத்தை ஏற்றும். நிஃபெடிபின் 10 மி.கி. என்றால் கடித்து விழுங்கும் வகை, நாக்கடியில் வைப்பதல்ல. நீண்டநேர மாத்திரை இங்கே உதவாது. நைட்ரோகிளிசரின் களிம்பு என்றால் காயத்துக்கு மேலே உள்ள தோலில் தடவுங்கள். அழுத்தம் இறங்கியதும் துடைத்து எடுத்துவிடலாம் என்பது அதன் வசதி. ஆனால் சில்டெனஃபில் எடுத்து 24 மணி நேரம் ஆகாதவருக்கு இந்தக் களிம்பு போன்ற நைட்ரேட் மருந்து கூடாது. இதைக் கேட்கக் கூச்சப்பட்டு விட்டுவிடுகிறார்கள். அட்டையில் 'ஆண்மைக்குறைவு மாத்திரை' என்று நேராகவே எழுதுங்கள். உறுத்தல் நீங்கிய பிறகும் 2 மணி நேரமாவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

மறுவாழ்வு மருத்துவர்

———

'தண்டுவட உயர் ரத்த அழுத்தம்' என்ற மூன்றாவது பெயருக்குப் போட்ட என் ஓட்டைத் திரும்பப் பெறுகிறேன்.

'அடங்கா' பற்றி ஒரு தயக்கம். 'உங்களுக்கு அடங்கா அனிச்சை' என்று நோயாளியிடம் சொன்னால், வீட்டில் பாட்டி 'அடங்காப்பிடாரி' என்பது மாதிரி கேட்கும். பட்டியலில் இருக்கட்டும், அட்டையில் வேண்டாம். அட்டைத் தலைப்பு 'திடீர் பிரஷர் ஏற்றம் (ஏ.டி.)'. டாக்டர் சொன்ன 'ஏற்றம்' இருக்கிறது, 'உயர்' இல்லை. அதற்குக் கீழேயே பெரிய எழுத்தில் 'படுக்க வைக்காதீர்கள்'.

பட்டியல் பதிவின் வரைவு:

அடங்கா அனிச்சை (இலங்கை: அடங்காத் தெறிவினை). முழுப்பெயர்: தானியங்கு நரம்பு அடங்கா அனிச்சை. தண்டுவடத்தின் ஆறாம் மார்புக் கூற்றிலோ மேலோ காயமுற்றவருக்கு, காயத்துக்குக் கீழே ஏற்படும் உறுத்தலால் ரத்த அழுத்தம் அவரது வழக்க அளவிலிருந்து திடீரென ஏறும் நிலை.

அட்டையில் ஒரு கட்டம்: 'எனது வழக்கமான பிரஷர் ____'.

தொகுப்பாளர்

———

இரண்டு திருத்தம்.

'ஆறாம் மார்புக் கூறு' என்பதை 'ஆறாம் மார்பு முள்ளெலும்பு' என்று யாரும் மாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எக்ஸ்ரேயில் உடைந்த எலும்பும் நரம்புப் பரிசோதனையில் தெரியும் தண்டுவட மட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்பதில்லை. நமக்கு வேண்டியது இரண்டாவது.

'காயத்துக்குக் கீழே' என்பதைப் படிக்கும் வீட்டில் உள்ளவர் புண்ணையோ தையலையோ தேடுவார். 'உணர்ச்சி இல்லாத பகுதியில்' என்று அட்டையில் மாற்றுங்கள். உணர்ச்சி கொஞ்சம் மிச்சமிருப்பவருக்கும் ஏ.டி. வரும், ஆகவே 'உணர்ச்சி குறைந்த அல்லது இல்லாத பகுதியில்'.

வழக்கமான பிரஷர் கட்டத்துக்குப் பக்கத்தில் 'அளந்த தேதி', 'உட்கார்ந்தா, படுத்தா' என்று இரண்டு சிறு கட்டமும் வேண்டும். இவர்களுக்கு உட்கார்ந்தால் ஒரு எண், படுத்தால் வேறொரு எண்.

மறுவாழ்வு மருத்துவர்