புதுப்பிப்பு: தலையில் அடிபட்டபின் விடாத தலைசுற்றல் – கைகொடுத்த சிகிச்சை

பைக்கிலிருந்து விழுந்த தம்பிக்கு, ஸ்கேனில் குறையில்லை என்ற பின்னும் தலைவலியும் தலைசுற்றலும் மாதக்கணக்கில் விடவில்லை என்று காரைக்குடியிலிருந்து கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

கழுத்துக்கும் சமநிலைக்கும் சேர்த்துப் பிசியோதெரபி என்று ஓர் அக்கா சொன்னதுதான் பலன் தந்தது. விளையாட்டில் தலையில் அடிபட்டு இப்படி அவதிப்பட்டவர்களிடம் நடத்தி, 2014இல் வெளியான கனடா ஆய்வில், இந்தச் சிகிச்சையைப் பெற்றவர்களில் 73 சதவீதத்தினர் 8 வாரத்துக்குள் விளையாட மருத்துவ அனுமதி பெற்றார்கள்; மற்றவர்களில் 7 சதவீதம்தான். 31 பேரிடம் நடந்த சிறிய ஆய்வு, ஆனாலும் எங்களுக்குத் தெம்பு தந்தது.

எதிர்பாராதது, வீட்டின் ஆத்தங்குடிக் கல் தரை. அந்தப் பூ வேலைப்பாட்டைப் பார்த்து நடந்தாலே அவனுக்குக் கிறுகிறுத்தது. பிசியோதெரபிஸ்ட் அதன்மேலேயே பயிற்சி கொடுத்தார்: முதலில் நின்றபடி, பிறகு தலையைத் திருப்பிக்கொண்டே நடை. இப்போது தலைசுற்றல் இல்லை. வெயிலில் அலைந்தால் தலைவலி மட்டும் வருகிறது.